ஐந்து கிராம் சுரப்பி... ஆயுள் முழுக்கக் காவல்!

அட்ரினல் சுரப்பியின் அமைப்பும் ஹார்மோன்களும்: ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை

மூட்டுவலி, ஆஸ்துமா, தோல் அரிப்பு என்று ஏதோ ஒரு தொல்லைக்காக மாதக்கணக்கில் ஒரு சின்ன மாத்திரை. போட்டவுடன் வலி பறந்துவிடுகிறது. நன்றாகப் பசிக்கிறது. முகம் பூரிக்கிறது. மருந்துச் சீட்டு கிழிந்துபோன பிறகும், பழைய அட்டையைக் காட்டியே கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர், “ஐயையோ, இது ஸ்டீராய்டு ஆச்சே! உடம்பைக் கெடுத்துடும்” என்கிறார். அன்றைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த சில நாள்களில் தலைசுற்றல், குமட்டல், எழுந்து நிற்க முடியாத அசதி. அந்த நேரம் பார்த்து ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால், ரத்த அழுத்தம் சரிந்து நினைவு தப்பிய நிலையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோக நேரிடுகிறது.

மாத்திரையைச் சாப்பிட்டதைவிட, அதைச் சட்டென்று நிறுத்தியது பெரிய ஆபத்தாக முடிந்தது எப்படி? சிறுநீரகங்களின் தலையில் தொப்பி வைத்ததுபோல் உட்கார்ந்திருக்கும் இரண்டு அட்ரினல் சுரப்பிகளிடம்தான் இதற்கான பதில் இருக்கிறது. அவற்றில் எந்த அடுக்கு என்ன சுரக்கிறது, எந்த அடுக்கு யாருடைய உத்தரவுக்குக் கட்டுப்படுகிறது என்று தெரிந்துகொண்டால், மருத்துவர் ஏன் “கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்” என்கிறார் என்பது புரிந்துவிடும்.

பரிசு பெறாத கேள்வி

இத்தாலிய உடற்கூறு அறிஞர் பார்த்தலோமியோ யூஸ்டாக்கி 1563-ல் இந்தச் சுரப்பிகளைப் பற்றி முதன்முதலில் தெளிவாக எழுதினார். இவை இருக்கின்றன என்பது தெரிந்துவிட்டது. எதற்காக இருக்கின்றன என்பது அதன்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் விளங்கவில்லை. பிரான்ஸின் போர்தோ நகர அறிவியல் கழகம் இதையே கேள்வியாக வைத்து ஒரு கட்டுரைப் போட்டியை நடத்தியது. வந்த கட்டுரைகளைப் பரிசீலித்தவர், பின்னாளில் அரசியல் சிந்தனையாளராகப் புகழ்பெற்ற மாண்டெஸ்கியூ. எந்த விளக்கமும் தேறவில்லை என்று 1718-ல் அவர் அறிவித்தார். பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை.

விடைக்கு வழிகாட்டியவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் மருத்துவர் தாமஸ் அடிசன். நாளுக்கு நாள் மெலிந்து, சோர்ந்து, தோல் கறுத்து, இதயத் துடிப்பு பலவீனமாகி இறந்துபோன நோயாளிகளை அவர் கவனித்துவந்தார். பிரேதப் பரிசோதனையில் அவர்களுடைய அட்ரினல் சுரப்பிகள் சிதைந்திருந்தன. இப்படிப் பதினோரு பேரின் விவரங்களைத் தொகுத்து 1855-ல் நூலாக வெளியிட்டார். அவர்களில் பலருடைய சுரப்பிகளை அரித்திருந்தது காசநோய். மறு ஆண்டே பிரௌன்-செக்கார்ட் என்ற ஆய்வாளர், விலங்குகளுக்கு இரண்டு அட்ரினல்களையும் அகற்றினால் அவை பிழைப்பதில்லை என்று காட்டினார். பயன் தெரியாமல் கிடந்த உறுப்பு, இல்லாவிட்டால் உயிரே இல்லை என்ற இடத்துக்கு வந்துசேர்ந்தது.

வெட்டிப் பார்த்தால் இரண்டு நிறம்

ஒரு அட்ரினல் சுரப்பியின் எடை நான்கு முதல் ஐந்து கிராம். நீளம் சுமார் ஐந்து சென்டிமீட்டர். வலப்பக்கச் சுரப்பி முக்கோண வடிவம். கல்லீரலுக்குப் பின்னால் ஒடுங்கியிருக்கும். இடப்பக்கச் சுரப்பி பிறை வடிவம், சற்றே பெரியது. இரண்டையும் சுற்றிக் கொழுப்புத் திசு பொதிந்திருக்கும். சிறுநீரகத்தை ஒட்டியே இருந்தாலும், சிறுநீர் உற்பத்தியில் இவற்றுக்கு நேரடிப் பங்கு கிடையாது.

உடற்கூறு மேசையில் இந்தச் சுரப்பியைக் குறுக்காக வெட்டினால், கண்ணுக்கு நேராகவே இரண்டு நிறங்கள் தெரியும். வெளியே பளிச்சென்ற மஞ்சள் விளிம்பு. நடுவில் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய பட்டை. வெளியே இருப்பது கார்டெக்ஸ் எனப்படும் புறணி. சுரப்பியின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு இதுதான். உள்ளே இருப்பது மெடுல்லா எனப்படும் அகணி. புறணிக்கு மஞ்சள் நிறம் தருவது அதன் செல்களுக்குள் துளித்துளியாகச் சேமிக்கப்பட்டிருக்கும் கொலஸ்ட்ரால்.

இவை இரண்டும் ஒரே உறைக்குள் இருந்தாலும் பிறப்பால் வேறானவை. கருவில் புறணி உருவாவது, சிறுநீரகமும் இனப்பெருக்க உறுப்புகளும் உருவாகும் நடுப்படலத்திலிருந்து. அகணியோ நரம்பு மண்டலத்துக்கு வித்திடும் செல்களிலிருந்து வருகிறது. அந்தச் செல்கள் கருவின் முதுகுப்பக்கத்திலிருந்து நகர்ந்து வந்து புறணிக்குள் புகுந்துகொள்கின்றன. ஆக, அகணி என்பது சுரப்பியாக மாறிவிட்ட ஒரு நரம்புத் திசு.

ரத்த ஓட்டமும் இங்கே தனி ரகம். மூன்று திசைகளிலிருந்து வரும் தமனிகள் பல டஜன் நுண்கிளைகளாகப் பிரிந்து சுரப்பியைச் சூழ்கின்றன. ரத்தம் வெளி விளிம்பில் நுழைந்து, புறணியின் அடுக்குகளைக் கடந்து, நடுவிலுள்ள அகணிக்கு வந்து, ஒரே ஒரு சிரை வழியாக வெளியேறுகிறது. புறணியில் சுரக்கும் கார்டிசால் முதலில் போய் நனைப்பது அகணியைத்தான். அங்கே நார் அட்ரினலினை அட்ரினலினாக மாற்றும் என்சைமைத் தூண்டிவிடுவது அந்தக் கார்டிசால்தான். இரண்டு வேறு திசுக்கள் ஒரே கூட்டுக்குள் குடியிருப்பதன் பயன் இது.

புறணியின் மூன்று அடுக்குகள்

நுண்ணோக்கியில் பார்த்தால் புறணி மூன்று அடுக்குகளாகப் பிரிந்து தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹார்மோன், ஒரு மேலதிகாரி.

உறையை ஒட்டி, வெளியே இருக்கும் மெல்லிய அடுக்கு சோனா குளாமருலோசா. இது சுரப்பது ஆல்டோஸ்டீரோன். சிறுநீரில் வெளியேறப் பார்க்கும் சோடியத்தை மீட்டு ரத்தத்துக்குத் திருப்புவதும், மிகையான பொட்டாசியத்தை வெளியே தள்ளுவதும் இதன் வேலை. நாம் சாப்பிடும் உப்பு உடம்பில் நிற்பதும், ரத்தத்தின் கன அளவு குறையாமல் இருப்பதும் இதனால்தான். ஒரு நாளைக்குச் சுரப்பது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். இந்த அடுக்குக்கு உத்தரவு சிறுநீரகத்திலிருந்து வருகிறது. ரத்த ஓட்டம் குறைந்ததாக உணர்ந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற என்சைமை வெளியிடும். அதன் தொடர் விளைவாக உருவாகும் ஆஞ்சியோடென்சின் இந்த அடுக்கைத் தட்டி எழுப்பும். ரத்தத்தில் பொட்டாசியம் கூடினாலும் இது நேரடியாக விழித்துக்கொள்ளும்.

நடுவில், புறணியின் முக்கால் பங்கை அடைத்திருப்பது சோனா பாசிகுலேட்டா. நீள நீளமான வரிசைகளில் செல்கள் அடுக்கப்பட்டிருக்கும். இது சுரப்பது கார்டிசால். சாப்பிடாத நேரத்தில் கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்க வைப்பது, ரத்தக் குழாய்களின் இறுக்கத்தைக் காப்பது, அழற்சி எல்லை மீறிப் போகாமல் அடக்குவது எல்லாம் கார்டிசாலின் பொறுப்பு. காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை, பட்டினி என்று எந்தச் சோதனை வந்தாலும் உடம்பு முதலில் கூடுதலாகக் கேட்பது இதைத்தான்.

அகணியை ஒட்டி உள்ளே இருப்பது சோனா ரெடிகுலாரிஸ். இது சுரப்பது டிஹெச்இஏ என்ற, ஆண்தன்மை ஹார்மோன்களுக்கு மூலப்பொருளாகும் ஹார்மோன். ஆறிலிருந்து எட்டு வயதுவாக்கில் இந்த அடுக்கு வேலையைத் தொடங்குகிறது. குழந்தையின் வியர்வைக்குப் பெரியவர்களின் வாடை வருவதும், பின்பு அக்குளில் முடி அரும்புவதும் இதன் விளைவு. இருபதுகளில் உச்சம் தொட்டு, வயது ஏற ஏற இது குறைந்துகொண்டே போகும்.

ஒரு கொலஸ்ட்ரால் மூலக்கூறின் பயணம்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் கொலஸ்ட்ரால் என்ற சொல்லைப் பார்த்தாலே நமக்குப் பயம். ஆனால் அட்ரினல் புறணிக்கு அதுதான் மூலப்பொருள். கார்டிசால், ஆல்டோஸ்டீரோன், டிஹெச்இஏ மூன்றுமே கொலஸ்ட்ராலை வெட்டியும் திருத்தியும் செய்யப்படும் ஸ்டீராய்டுகள்.

ரத்தத்தில் எல்டிஎல் துகள்களில் ஏறிவரும் கொலஸ்ட்ராலைப் புறணியின் செல்கள் உள்ளே இழுத்துத் துளிகளாகச் சேமிக்கின்றன. ‘கார்டிசால் தேவை’ என்ற உத்தரவு வந்ததும் ஒரு துளி கரைந்து கொலஸ்ட்ரால் விடுபடுகிறது. அது செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வை அடைந்தாக வேண்டும். அந்த இடைவெளியை அது தானாகக் கடப்பதில்லை. ஸ்டார் என்ற புரதம்தான் அதைக் கடத்திவிடுகிறது. மொத்த உற்பத்தியின் வேகத்தையும் தீர்மானிப்பது இந்தக் கடவுதான்.

உள்சவ்வில் 27 கார்பன் அணுக்கள் கொண்ட கொலஸ்ட்ராலின் வால் பகுதி வெட்டப்பட்டு, 21 கார்பன் கொண்ட பிரெக்னனலோன் உருவாகிறது. இங்கிருந்து பாதை பிரிகிறது. பிரெக்னனலோன் மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே வந்து, எண்டோபிளாச வலைப்பின்னலில் என்சைம்களால் படிப்படியாக மாற்றப்படுகிறது. பிறகு மறுபடியும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைந்து, கடைசித் திருத்தம் முடிந்து கார்டிசாலாக வெளிவருகிறது.

மூலப்பொருள் ஒன்றாக இருந்தும் மூன்று அடுக்குகள் மூன்று சரக்கைத் தருவதற்குக் காரணம் என்சைம்கள். வெளி அடுக்கில் 17-ஆல்பா ஹைட்ராக்ஸிலேஸ் கிடையாது. அதனால் அங்கே கார்டிசால் உருவாக வழியில்லை. ஆல்டோஸ்டீரோனை முடித்துத் தரும் என்சைமோ அந்த அடுக்கில் மட்டுமே இருக்கிறது.

இன்னொரு செய்தியையும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். புறணி தன் ஹார்மோன்களைச் சேமித்து வைப்பதில்லை. உத்தரவு வர வர, அப்போதைக்கப்போது தயாரித்து அனுப்புகிறது. கையிருப்பு என்று எதுவும் கிடையாது. உற்பத்தி நின்றால் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் கார்டிசால் ஒன்றரை மணி நேரத்துக்குள் பாதியாகிவிடும்.

உத்தரவு மூளையிலிருந்து

நடு அடுக்குக்கு மேலதிகாரி, மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி. அது அனுப்பும் ஏசிடிஹெச் என்ற ஹார்மோன் வந்தால்தான் கார்டிசால் சுரக்கும். பிட்யூட்டரிக்கு மேலே ஹைபோதலாமஸ் இருந்து அதை முடுக்குகிறது. ரத்தத்தில் கார்டிசால் போதுமான அளவுக்கு ஏறிவிட்டால், அந்தக் கார்டிசாலே மேலே போய் இருவரையும் அடக்கிவிடும். உற்பத்தி குறையும். கார்டிசால் இறங்கினால் உத்தரவு மறுபடி கிளம்பும்.

இந்தச் சுற்றுக்கு ஒரு நாள் கணக்கும் உண்டு. விடியற்காலையில் கார்டிசால் ஏறத் தொடங்கி, நாம் எழும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவில் மிகக் குறைவு. அதனால்தான் கார்டிசால் பரிசோதனைக்குக் காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்கச் சொல்கிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையில் சாப்பிடச் சொல்வதும் இதே காரணத்தால்.

ஏசிடிஹெச்சுக்கு இன்னொரு பணியும் இருக்கிறது. அது வராவிட்டால் நடு அடுக்கு மெல்ல மெல்லச் சுருங்கிவிடும். சுரப்பதற்கான தூண்டுதலும் உயிர்ப்போடு இருப்பதற்கான ஊட்டமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. வெளியிலிருந்து ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு நேரும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அகணி: விநாடிகளில் பாயும் அட்ரினலின்

அகணியின் வேலை முறை வேறு. தண்டுவடத்திலிருந்து வரும் நரம்பு இழைகள் அதன் செல்களை நேரடியாகத் தொடுகின்றன. டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து டோபா, டோபமின், நார் அட்ரினலின் என்று படியேறி அட்ரினலின் உருவாகிறது. செய்த சரக்கை அகணி நுண்துகள்களில் நிரப்பித் தயாராக வைத்திருக்கும். தெருவில் நாய் பாய்ந்து வந்தால், நரம்பின் சமிக்ஞை கிடைத்த விநாடியே ரத்தத்தில் கொட்டிவிடும். இதயம் வேகமெடுக்கிறது, மூச்சுக்குழல்கள் விரிகின்றன, கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது, கண்மணி அகலுகிறது, குடலுக்குப் போகும் ரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது. சில நிமிடங்களில் அட்ரினலின் சிதைந்து மறைந்துவிடும்.

1890-களில் ஜார்ஜ் ஆலிவரும் எட்வர்ட் ஷேஃபரும் இந்தச் சாறு ரத்த அழுத்தத்தை எகிறவைப்பதைக் காட்டினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினேயும் அவருடைய உதவியாளர் கெய்சோ உயேனகாவும் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். இன்றைக்கும் குளவி கொட்டியோ மருந்து ஒவ்வாமலோ உடல் முழுக்க அதிர்ச்சி பரவி மூச்சு முட்டும்போது, தொடைத் தசையில் போடப்படும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து.

ஆனால் புகழ் பெற்ற இந்த ஹார்மோன் இல்லாமல்கூட வாழ்ந்துவிடலாம். இரண்டு அட்ரினல்களையும் அகற்ற நேர்ந்த நோயாளிகளுக்கு தினசரி அட்ரினலின் கொடுப்பதில்லை. நரம்பு முனைகளில் சுரக்கும் நார் அட்ரினலின் சமாளித்துக்கொள்ளும். அவர்களுக்குத் தவறாமல் கொடுக்க வேண்டியவை கார்டிசாலும் ஆல்டோஸ்டீரோனும் செய்யும் வேலையைச் செய்கிற மாத்திரைகள். உயிரைக் கட்டிக் காப்பது புறணி.

கை ரேகையில் தெரியும் நோய்

புறணி மொத்தமாக அழிந்தால் வருவது அடிசன் நோய். மேலை நாடுகளில் உடலின் எதிர்ப்பாற்றலே புறணியைத் தாக்குவது இதற்கு முதன்மைக் காரணம். நம் நாட்டில் அடிசன் காலத்துக் குற்றவாளியான காசநோயும் இன்னும் பட்டியலில் இருக்கிறது. இரண்டு சுரப்பிகளிலும் பெரும்பகுதி அழியும்வரை அறிகுறிகள் வெளியே தெரிவதில்லை.

கார்டிசால் வற்றியதும் பிட்யூட்டரி ஏசிடிஹெச்சைக் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. ஏசிடிஹெச் உருவாகும் அதே மூலப் புரதத்திலிருந்துதான் தோலைக் கறுக்கச் செய்யும் ஹார்மோனும் வருகிறது. அதனால் உள்ளங்கை ரேகைகள், விரல் முட்டிகள், ஈறுகள், பழைய தழும்புகள் எல்லாம் கறுக்கின்றன. மாநிறத்தவரிடம் இது எளிதில் கண்ணில் படாது. ஆகவே உள்ளங்கையையும் வாயையும் வெளிச்சத்தில் பார்த்தாக வேண்டும். ஆல்டோஸ்டீரோனும் இல்லாததால் உப்பு சிறுநீரில் ஓடிவிடும். நோயாளி ஊறுகாயையும் உப்பையும் தேடித்தேடிச் சாப்பிடுவார். எடை குறையும், எழுந்து நின்றால் தலை சுற்றும்.

காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் மாத்திரை, கல்லீரல் கார்டிசாலைச் சிதைக்கும் வேகத்தைக் கூட்டிவிடும். பாதி பழுதடைந்த அட்ரினலோடு தள்ளாடிக்கொண்டிருப்பவர், காசநோய் சிகிச்சை தொடங்கிய பிறகு திடீரென்று மோசமானால் மருத்துவர்கள் இந்தக் கோணத்திலும் பார்ப்பார்கள்.

மருந்து எளியது: ஹைட்ரோகார்டிசோன், ஃப்ளுட்ரோகார்டிசோன் மாத்திரைகள், வாழ்நாள் முழுவதும். அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடிக்கு 1947-ல் லண்டனில் அடிசன் நோய் கண்டறியப்பட்டது. சிகிச்சையோடு பதினான்கு ஆண்டுகள் கழித்து அவர் வெள்ளை மாளிகையில் குடியேறினார். நோயைக் கண்டுபிடித்துவிட்டால் முழு வாழ்க்கை சாத்தியம்.

இதற்கு நேரெதிர்க் கோளாறுகளும் உண்டு. கார்டிசால் மிகுந்தால் குஷிங் நோய்த்தொகுதி: வட்ட முகம், கழுத்துக்குப் பின்னால் கொழுப்புத் திரட்சி, வயிற்றில் ஊதா நிறக் கோடுகள், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு. ஆல்டோஸ்டீரோன் மிகுந்தால், அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955-ல் விவரித்த நோய்: மருந்துக்கு அடங்காத ரத்தக்கொதிப்பு, சிலருக்குப் பொட்டாசியம் குறைவு. இளவயதிலேயே ரத்தக்கொதிப்பு வந்தவர்களும், மூன்று மாத்திரை போட்டும் அழுத்தம் இறங்காதவர்களும் ரெனின், ஆல்டோஸ்டீரோன் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். அகணியில் கட்டி வந்தால் விட்டுவிட்டு வரும் தலைவலி, படபடப்பு, வியர்வை.

பச்சிளங்குழந்தைக்கு ஒரு சொட்டு ரத்தம்

கொலஸ்ட்ராலின் பயணத்தில் ஒரே ஒரு என்சைம் பிறவியிலேயே பழுதாக இருந்தால்? 21-ஹைட்ராக்ஸிலேஸ் என்ற என்சைம் இல்லாத குழந்தைகளுக்குக் கார்டிசால் போதிய அளவு உருவாவதில்லை. பிட்யூட்டரி விடாமல் முடுக்குவதால் அட்ரினல் பெருத்துவிடும். தேங்கிய மூலப்பொருள் ஆண்தன்மை ஹார்மோன்களாகத் திசை மாறும். பெண் குழந்தையின் பிறப்புறுப்பு ஆண் குழந்தையுடையதைப் போலத் தோற்றமளிக்கலாம். ஆண் குழந்தைக்கு வெளியே எந்த அடையாளமும் இருக்காது. கடுமையான வகையில், பிறந்த இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் உப்பு வெளியேறி, வாந்தியும் நீரிழப்புமாகக் குழந்தை துவண்டுவிடும். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று நினைத்தால் உயிரை இழக்க நேரிடும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தபோது, 5,762 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தில் இந்தக் குறை தெரியவந்தது. ஐந்து நகரங்களில் விகிதம் மிகுந்திருந்தது சென்னையில். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று நெருங்கிய சொந்தத்துக்குள் மணமுடிக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல்.

குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசே பிறந்த குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனையைச் செய்கிறது. தமிழ்நாட்டிலும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இது உரிமையாக வேண்டும்.

அதிசய மருந்தின் இரு பக்கங்கள்

1948 செப்டம்பர். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடமாட முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு மருத்துவர் பிலிப் ஹெஞ்ச் ஒரு புதிய பொருளை ஊசியில் செலுத்தினார். அது எட்வர்ட் கெண்டல் அட்ரினல் புறணியிலிருந்து பிரித்தெடுத்திருந்த கார்டிசோன். சில நாள்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். கெண்டல், ஹெஞ்ச், ஸ்விட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்தை நீண்ட நாள் பெற்றவர்களிடம் பக்கவிளைவுகளும் உடனுக்குடன் தெரியத் தொடங்கின.

ஸ்டீராய்டைப் பழிப்பதில் அர்த்தமில்லை. ஆஸ்துமா முற்றியவரையும், சிறுநீரக நோயுள்ள குழந்தையையும், உறுப்பு மாற்றம் செய்துகொண்டவரையும் காப்பாற்றுவது அது. குறைமாதப் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால், சிசுவின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். 2020-ல் கொரோனாவில் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை டெக்ஸாமெத்தசோன் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. நாளைக்கு வெறும் ஆறு மில்லிகிராம், அதிகபட்சம் பத்து நாள். 2021 இரண்டாம் அலையில் அதே மருந்து தேவையில்லாதவர்களுக்கும் அளவு மீறியும் கொடுக்கப்பட்டபோது, சர்க்கரை எகிறி, கருப்புப் பூஞ்சை பலருடைய கண்ணைப் பறித்தது. மருந்து ஒன்றுதான். அளவும் நாளும் கட்டுக்குள் இருந்தனவா என்பதே வேறுபாடு.

உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்டிசாலின் வேலையைச் செய்ய நான்கைந்து மில்லிகிராம் பிரெட்னிசலோன் போதும். அதற்கு மேற்பட்ட அளவை மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் எடுக்கும்போது, வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டைப் பார்த்த பிட்யூட்டரி ஏசிடிஹெச்சை நிறுத்திக்கொள்கிறது. நடு அடுக்கு சுருங்குகிறது. வெளி அடுக்குக்குச் சிறுநீரகம் அதிகாரி என்பதால் அது தப்பிவிடுகிறது. ஏசிடிஹெச் இல்லாததால் தோலும் கறுப்பதில்லை. எந்த எச்சரிக்கையும் வெளியே தெரியாது. இந்த நிலையில் மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், கையிருப்பே இல்லாத சுரப்பி, சுரக்கும் திறனும் இல்லாமல் நிற்கிறது. அது மீண்டு எழ மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஓர் ஆண்டும் ஆகலாம். மருத்துவர் படிப்படியாக அளவைக் குறைப்பது அந்த அவகாசத்தைக் கொடுப்பதற்காகத்தான்.

மாத்திரை மட்டும் கணக்கில்லை. அடிக்கடி மூட்டுக்குள் போடும் ஊசி, பெயர் தெரியாத பொட்டலத்தில் வரும் ‘மூலிகை’ வலி மருந்தில் ரகசியமாகக் கலக்கப்படும் ஸ்டீராய்டு, முகம் வெளுக்க மாதக்கணக்கில் பூசும் களிம்பு எல்லாமே உடம்புக்குள் போய்ச் சேரும். மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கும் ஆஸ்துமா இன்ஹேலரில் உள்ளே சேரும் அளவு மிகக் குறைவு. அதைப் பயந்து நிறுத்த வேண்டாம்.

இதோடு, ‘அட்ரினல் களைப்பு’ என்று சொல்லிப் பொடியும் மாத்திரையும் விற்கும் விளம்பரங்களையும் நம்ப வேண்டாம். அப்படியொரு நோய் இருப்பதாக நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் ஏற்கவில்லை. தீராத களைப்புக்கு ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, உறக்கக் குறைவு, மனச்சோர்வு என்று வேறு காரணங்கள் இருக்கலாம். அவற்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கவனத்துக்கு

• உங்கள் மாத்திரைகளில் பிரெட்னிசலோன், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், மெத்தில் பிரெட்னிசலோன், டெஃப்லாசகார்ட், ஹைட்ரோகார்டிசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருக்கிறதா என்று அட்டையைப் படித்துப் பாருங்கள். புரியாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள்.

• வாரக்கணக்கில் சாப்பிட்டுவந்த ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய சீட்டைக் காட்டி நீங்களாகத் தொடரவும் செய்யாதீர்கள்.

• காய்ச்சல் வந்தால் அளவை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியால் மாத்திரை உள்ளே தங்காவிட்டால் ஊசியாகப் போட்டாக வேண்டும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

• பல் பிடுங்குவது முதல் பெரிய அறுவை சிகிச்சை வரை எதற்கு முன்பும், ‘நான் ஸ்டீராய்டு எடுக்கிறேன்’ அல்லது ‘சமீபத்தில் எடுத்தேன்’ என்று சொல்லிவிடுங்கள்.

• மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவு தப்பிய நேரத்தில் உங்களுக்காகப் பேசப்போவது அதுதான்.

உங்கள் வீட்டில் யாராவது நீண்ட நாளாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறார்கள் என்றால், இந்தப் பக்கத்தை அவர்களிடம் படிக்கக் கொடுங்கள். தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள்.